வெட்டாத சாவியும் சாவிதான்!

போன மாதம் கோவைக்கு அருகில் ஒரு பவுண்டரி வாசலில் கூட்டம் நடந்தது. ஷிப்டு முடிந்து வந்த தோழர்கள் கரி படிந்த கைகளோடு நின்று கேட்டார்கள். சுங்க வரியைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் ஓர் இளம் மோல்டர் குறுக்கிட்டார்:

“ஏனுங்க தோழர், சுங்க வரிங்கறது சரக்கு இறக்கறவனுக்கும் சர்க்காருக்கும் நடக்கற சண்டை. அதுல நமக்கு என்னங்க வந்துது?”

நேர்மையான கேள்வி. இதே பேச்சை வேறு சில பேர்வழிகளும் பேசுகிறார்கள். “வகைப்பாடு, தலைப்பு எண், வரி விகிதம், இதெல்லாம் நிபுணர்கள் சமாசாரம். தொழிலாளி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகட்டும்” என்று உபதேசம் செய்கிறார்கள். மோல்டர் தெரியாமல் கேட்டார். இந்தக் கனவான்கள் தெரிந்தே சொல்கிறார்கள்.

இரும்பு எந்த நிலையில் எல்லையைத் தாண்டலாம், எந்த நிலையில் தாண்டினால் தண்டம் கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவன் யாரோ, அவனே அந்த இரும்பின் மீது யாருடைய கை வேலை செய்யும் என்பதையும் தீர்மானிக்கிறான். வேலை நம் கையில் இருக்குமா, போகுமா என்பது இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத்தான் நாம் படிக்கக் கூடாது என்கிறார்கள்!

அரிவாள், சாவி, பம்பு

கிராமத்துத் தோழர்களுக்குத் தெரிந்த சாமானிலிருந்தே தொடங்குவோம். கொல்லுப் பட்டறையில் இரும்புப் பட்டை ஒன்று உலையில் ஏறுகிறது. அது வெறும் பட்டை. அதைக் கொண்டு அரிவாளும் செய்யலாம், கீலும் செய்யலாம். கொல்லர் அதை அடித்து வளைத்து, நுனியைக் கூராக்கி, பிடி செருகக் காம்பும் இழுத்துவிட்டார். கருக்கு மட்டும் வெட்டவில்லை. இப்போது அது பட்டையா, அரிவாளா? அதை வைத்து ஒரு பிடி நெல்லும் அறுக்க முடியாது. ஆனால் அரிவாளைத் தவிர வேறு எதுவாகவும் அது ஆகப்போவதில்லை.

இந்தக் கேள்விக்குச் சுங்கச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. உலகத்து வியாபாரச் சரக்குகளையெல்லாம் எண் போட்டுப் பிரித்து வைக்கும் சர்வதேச அட்டவணை ஒன்று உண்டு. 1983-ல் ஒப்பந்தமாகி, 1988 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் அதைப் பின்பற்றுகின்றன. இந்தியாவின் 1975-ம் வருஷத்துச் சுங்க வரிச் சட்டத்தின் அட்டவணையும் 1986 முதல் அதே அடிப்படையில்தான் இருக்கிறது. அதன் பொது விதிகளில் இரண்டாவது விதி சொல்வது இது: ஒரு பொருள் முழுமை அடையாமல் இருந்தாலும், முழுப் பொருளின் சாராம்சத் தன்மை அதில் வந்துவிட்டதென்றால், அதை முழுப் பொருளாகவே கணக்கில் கொள்ள வேண்டும். பூட்டிச் சேர்க்காமல் தனித்தனிப் பாகங்களாகக் கொண்டுவந்து இறக்கினாலும் அப்படியே.

திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளிக்கு இது உடனே விளங்கும். பல் வெட்டாத சாவியை எந்தப் பூட்டிலும் திருப்ப முடியாது. ஆனாலும் சுங்க அட்டவணையில் அது பித்தளைத் துண்டு அல்ல, இரும்புத் துண்டும் அல்ல. வெட்டாத சாவியும் சாவிதான். உருவம் வந்துவிட்டது, வேறு உபயோகம் இல்லை, அதனால் சாவி. வெறும் கம்பி, தகடு, குழாய் என்றால் சங்கதி வேறு. அவற்றுக்கு இன்னும் ஒரு சாமானின் உருவம் வரவில்லை.

இனி பவுண்டரிக்கு வருவோம். மண் அச்சில் ஊற்றி எடுத்த பம்பின் உடல்பாகம் ஒன்று. துளை போடவில்லை, லேத்தில் கடையவில்லை. இது வெறும் வார்ப்பிரும்புச் சாமானா, பம்பின் பாகமா? அட்டவணையின் 73-ம் அத்தியாயமா, 84-ம் அத்தியாயமா? இதே மாதிரி வழக்குகளில் வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதங்களில் அச்சுக் கட்டிய மோல்டரின் பெயரும் இல்லை, கடையப்போகும் டர்னரின் பெயரும் இல்லை. ஆனால் கோடு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் வார்ப்பு வேலை இங்கே இருப்பதும், கடைசல் வேலை கடல் கடந்து போவதும்!

முதலாளியின் இரண்டு வேஷங்கள்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தால் தகராறு எங்கிருந்து வருகிறது? லாபத்திலிருந்து வருகிறது. பாதிச் சாமானுக்கு ஒரு வரி, முழுச் சாமானுக்கு ஒரு வரி என்று இருக்கும் வரையில், லாபம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து வேஷத்தைச் சரக்கு போட்டுக்கொள்ளும்.

முதல் வேஷம்: முழுச் சாமான், பாதிச் சாமானாக வருவது. 2024 செப்டம்பரில் இந்தியச் சுங்க இலாகா ஸ்கோடா-ஃபோக்ஸ்வாகன் மோட்டார் கம்பெனிக்கு 140 கோடி டாலர் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கிட்டத்தட்ட முழுக் காரையும் பாகம் பாகமாகப் பிரித்து, வெவ்வேறு சரக்கு அனுப்பீடுகளில் கொண்டுவந்து, ‘வெறும் உதிரி பாகம்’ என்று காட்டிக் குறைந்த வரி கட்டினார்கள் என்பது இலாகாவின் குற்றச்சாட்டு. கம்பெனி அதை மறுத்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றத்தின் வேலையை நாம் செய்ய வேண்டாம். ஆனால் தகராறின் அளவைப் பாருங்கள்! ‘பாகம்’ என்ற சொல்லுக்கும் ‘கார்’ என்ற சொல்லுக்கும் நடுவே 140 கோடி டாலர் கிடக்கிறது. இது தொழிலாளிக்குச் சம்பந்தமில்லாத சொல் ஆராய்ச்சியா?

இரண்டாவது வேஷம்: பாதிச் சாமான், முழுச் சாமானாக வருவது. இது அமெரிக்காவில் நடந்தது. சீனாவிலிருந்து வரும் அலுமினியச் சட்டங்களுக்கு 2011-ல் அமெரிக்க சர்க்கார் மிகக் கடுமையான வரி போட்டது. ஆனால் அந்தச் சட்டங்களால் செய்து முடித்த சாமானுக்கு அந்த வரி இல்லை. உடனே என்ன நடந்தது? சட்டங்களை ஸ்பாட் வெல்டிங் வைத்து அங்கங்கே ஒட்டி, கிடங்கில் சரக்கு அடுக்கும் ‘பேலட்’ மாதிரி செய்தார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையே 22 லட்சம் பேலட்டுகள் கப்பலேறி வந்தன. அவற்றை வாங்கிய ஆள் ஒருவர் கூட இல்லை! கிடங்குகளில் மலைபோல் குவிந்து கிடந்தன. திரும்ப உருக்கி அலுமினியமாக்கி விற்பதுதான் திட்டம். 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நீதிமன்றத்தில் ஜூரிகள் பெர்ஃபெக்டஸ் அலுமினியம் என்ற கம்பெனியையும் அதைச் சேர்ந்த கிடங்குக் கம்பெனிகளையும் குற்றவாளிகள் என்று தீர்மானித்தார்கள். 2022-ல் சுமார் 180 கோடி டாலர் கட்டும்படி உத்தரவாயிற்று.

உருக்குவதற்காகவே வெல்டிங் செய்த அலுமினியம்! யாரோ ஒரு தொழிலாளி ஷிப்டு ஷிப்டாகக் கண்ணைப் புகைய விட்டு அந்த வெல்டிங்கை வைத்தான். அவன் உழைப்பு யாருக்கும் பயன்படாது என்பது வேலை கொடுத்தவனுக்கு முன்பே தெரியும். உழைப்பைப் பற்றி மூலதனம் என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1750 முதல் 2025 வரை

இவையெல்லாம் தனி ஆட்களின் பித்தலாட்டம். கோட்டைத் தாண்டுகிற கள்ளனைப் பார்த்தோம். கோட்டைப் போடுகிற எஜமானனைப் பார்க்க வேண்டாமா?

1750-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு இரும்புச் சட்டம் செய்தது. அப்போது அமெரிக்கா பிரிட்டனின் காலனி. அங்கே காடும் உண்டு, தாதுவும் உண்டு. சட்டம் என்ன சொல்லிற்று? அமெரிக்காவிலிருந்து கட்டி இரும்பு வரட்டும், இங்கிலாந்தில் அதற்கு வரி இல்லை. இரும்புப் பாளமும் லண்டன் துறைமுகத்துக்கு வரி இல்லாமல் வரட்டும். 1757-ல் மற்றத் துறைமுகங்களும் திறக்கப்பட்டன. ஆஹா, எவ்வளவு தாராளம் என்று தோன்றுகிறதல்லவா? அடுத்த பகுதியைப் படியுங்கள். காலனியில் இரும்பைத் தகடாக உருட்டும் ஆலை, ஆணிக்கம்பியாகப் பிளக்கும் ஆலை, தகடு அடிக்கும் பெரும் சம்மட்டிப் பட்டறை, உருக்கு உலை, இவற்றில் எதையும் புதிதாகக் கட்டக் கூடாது! கட்டினால் 200 பவுன் அபராதம். அப்படிக் கட்டிய ஆலை பொதுத் தொல்லை என்று கருதப்படும். 30 நாளில் அதை அகற்றாத கவர்னருக்கு 500 பவுன் அபராதம்.

பாதிச் சாமானை நீ செய், முழுச் சாமானை நான் செய்கிறேன். வியர்வை உனக்கு, தொழில் எனக்கு. இதுதான் அந்தச் சட்டத்தின் முழு உள்ளடக்கம். பல காலனிகள் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டு உலைகளை எரித்தன. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் இரும்பாலை நடத்தியவர்களும் இருந்தார்கள்.

நம் மண்ணில் என்ன நடந்தது? பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, தமிழ்நாட்டு மரக்கரி, தமிழ்க் கூலிகளின் முதுகு. உருகி வந்த இரும்பு கட்டி கட்டியாகக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே ஷெஃபீல்டு நகரத்தில் உருக்காயிற்று. ஆதிகாலத்திலிருந்து உருக்கு வார்க்கத் தெரிந்த நாடு பாதிச் சாமான் நாடாக ஆக்கப்பட்டது. அந்த நூற்றாண்டு முடியுமுன்பே ஆலையும் மூடிக் கிடந்தது.

பஞ்சாலைத் தோழர்களே, உங்கள் தொழிலின் கதையும் இதுதான். பஞ்சு மூட்டை லங்காஷயருக்குத் தடையில்லாமல் போகலாம். ஆனால் இந்திய மில்லில் நெய்த துணி மீது 1896-ல் 3½ சதவீதம் உள்நாட்டு வரி! இறக்குமதித் துணிக்கு வரி இருக்கும்போது இந்தியத் துணிக்கு இல்லாமல் இருக்கலாமா என்பது மான்செஸ்டர் முதலாளிகளின் ‘நியாயம்’. முப்பது வருஷ காலம் அந்த வரி நம் தலையில் இருந்தது.

பழங்கதை என்பீர்களா? 2025 ஜூலை 30-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஆகஸ்ட் 1 முதல் தாமிரக் குழாய், கம்பி, தண்டு, தகடு ஆகிய அரைச் சாமான்களுக்கும், தாமிரத்தால் செய்த இணைப்பான்கள், கேபிள்கள் போன்றவற்றுக்கும் 50 சதவீத வரி. எதற்கு வரி இல்லை? தாமிரத் தாதுவுக்கு இல்லை. சுத்திகரித்த தாமிரப் பாளத்துக்கு இல்லை. பழைய தாமிரத்துக்கு இல்லை. இரும்புச் சட்டத்துக்கும் இந்தப் பிரகடனத்துக்கும் இடையே 275 வருஷம். அன்று அபராதம் விதித்து ஆலையைத் தடை செய்தார்கள். இப்போது வரி போட்டு ஆலைக்கு ஆர்டர் இல்லாமல் செய்கிறார்கள். சுரங்கத்தில் தோண்டு, உலையில் உருக்கு, அதற்கு மேல் கை வைக்காதே! எஜமானன் மாறினான், ஏற்பாடு மாறவில்லை.

“நாமும் வரி போட்டால் போதுமே?”

இந்த இடத்தில் நம் நாட்டு முதலாளிகள் தேசபக்தி வேஷத்தோடு மேடை ஏறுகிறார்கள். “பார்த்தீர்களா தோழர்களே, அந்நியச் சரக்குக்கு வரி போடச் சொல்லி எங்களோடு சேர்ந்து கோஷம் போடுங்கள்” என்கிறார்கள்.

அந்நியச் சரக்கு மலிவாகக் கொட்டி நம் பட்டறைகளை மூடவைப்பதை நாம் எதிர்க்கத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வரி பாதுகாப்பது சரக்கை. சரக்கைச் செய்தவனைத் தானாக அது பாதுகாத்ததில்லை. 1924-ல் இந்திய உருக்குத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்நிய உருக்கு மீது வரி ஏறியது, ஜாம்ஷெட்பூர் ஆலை பிழைத்தது. நான்கே வருஷம். 1928-ல் அதே ஜாம்ஷெட்பூரில் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தத்திலும் கதவடைப்பிலும் கிடந்தார்கள். பாளத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, பாளத்தை உருட்டியவனுக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்நியச் சரக்கு மலிவாகக் கொட்டப்படுவதாக முதலாளிகள் மனுக் கொடுத்தால் மத்திய வர்த்தக இலாகா விசாரணை நடத்துகிறது. 1995-ம் வருஷத்து விதிகளின்படி அந்த விசாரணையில் சம்பந்தப்பட்டவர்கள் என்று யார் யாரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்? அந்நிய ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், உள்நாட்டு உற்பத்தியாளர், அவர்களுடைய சங்கங்கள், ஏற்றுமதி செய்யும் நாட்டின் சர்க்கார். அந்தச் சரக்கை வாங்கி உபயோகிக்கும் தொழில்களுக்கும் நுகர்வோர் அமைப்புகளுக்கும் கூடத் தகவல் தர வாய்ப்பு உண்டு. தொழிற்சங்கத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவின் சட்டத்தில் கூட தொழிற்சங்கம் இப்படிப்பட்ட மனுவைத் தானே கொடுக்கலாம். உருக்குத் தொழிலாளர் சங்கம் அப்படிக் கொடுத்தும் இருக்கிறது. நம் நாட்டில் சரக்கைச் செய்தவனைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் விதியில் இடம் இருக்கிறது!

இரும்புக்கு உள்ள நியாயம் மனிதனுக்கு இல்லையா?

இனி அந்த மோல்டருக்கு வருவோம். கூட்டம் முடிந்த பிறகு அவரிடம் பேசினேன். அவர் சட்டைப் பையில் இருந்த அட்டையில் ‘பயிற்சியாளர்’ என்று எழுதியிருந்தது. வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். பக்கத்தில் நின்று அச்சுக் கட்டும் பழைய மோல்டரைப் போலவே இவரும் மண் இடிக்கிறார், அச்சுக் கட்டுகிறார், கொதிக்கும் இரும்பை ஊற்றுகிறார். இவர் வார்த்த பம்பு வேறு, அவர் வார்த்த பம்பு வேறு என்று எந்த வியாபாரியும் விலை குறைத்து வாங்குவதில்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1961-ம் வருஷத்துப் பயிற்சியாளர் சட்டத்தின் 18-வது பிரிவு, பயிற்சியாளன் தொழிலாளி அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தாது. விபத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் மட்டும் வேறு பிரிவுகளில் ஏற்பாடு உண்டு. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பும் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது அந்தச் சட்டத்தின் பயிற்சியாளனை வெளியே நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. 2019-ல் திருத்திய விதிகள், மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம் என்றன. மாத உதவித்தொகைக்குக் கீழ்வரம்பு படிப்புக்குத் தக்கபடி 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை என்றன. பயிற்சி முடிந்ததும் வேலை? அதற்கான கொள்கையை முதலாளியே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 2014-ல் செய்த திருத்தம்.

பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை நாடு அறியும். கிராமத்து விவசாயக் கூலிகளின் பெண் குழந்தைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்து வந்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாக ஆசை காட்டி, ‘பயிற்சியாளர்’ என்று பெயர் சூட்டி ஸ்பின்னிங் பிரேமில் நிறுத்தினார்கள். அந்தப் பெண் பிடித்த நூல் பயிற்சி நூலா? சந்தையில் அது முழு நூலாகத்தானே விற்றது?

தோழர்களே, இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையாத பம்பைப் பார்த்துச் சுங்கச் சட்டம் கேட்கிறது: “இதில் முழுப் பொருளின் சாராம்சம் இருக்கிறதா?” இருந்தால் அது முழுப் பொருள். அந்தப் பம்பை வார்த்த இளைஞனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க எந்தச் சட்டமும் தயாராக இல்லை. சாமான் விஷயத்தில் உள்ளதைப் பார்க்கிறார்கள். ஆள் விஷயத்தில் அட்டையைப் பார்க்கிறார்கள். ஏன்? சாமானை முழுசு என்றால் வருமானம் கஜானாவுக்கு வருகிறது. ஆளை முழுசு என்றால் கூலி தொழிலாளிக்குப் போகிறது!

உண்மையாகவே தொழில் கற்றுக்கொள்ளும் பையனை வைத்துக் கற்றுக் கொடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. உலைக்கு முன்னால் நின்று முழு உற்பத்தி கொடுப்பவனை ‘பயிற்சி’ என்ற துணியால் மூடுவதைத்தான் சொல்கிறோம். ஒட்டவைத்த அலுமினியத்துக்கு ‘பேலட்’ என்று பெயர் சூட்டியது மோசடி என்றால், இதற்கு என்ன பெயர்?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: இறக்குமதி வரி விசாரணைகளில் சம்பந்தப்பட்டவர்களின் பட்டியலில் தொழிற்சங்கத்தின் பெயரை எழுத வேண்டும். மனுக் கொடுக்கவும், காகிதங்களைப் பார்க்கவும், எதிர்வாதம் செய்யவும் சங்கத்துக்கு உரிமை வேண்டும்.

இரண்டு: வரிப் பாதுகாப்போ வரிச் சலுகையோ கேட்டு வரும் முதலாளி, தன் மஸ்டர் ரோலையும் மேஜை மீது வைக்க வேண்டும். எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் காண்டிராக்ட், எத்தனை பேர் ‘பயிற்சி’ என்று நாடு பார்க்கட்டும். ஆளைக் குறைப்பவனுக்குச் சலுகையையும் குறைக்க வேண்டும்.

மூன்று: முழுத் தொழிலாளியின் வேலையைச் செய்பவனுக்கு முழுத் தொழிலாளியின் கூலியும் உரிமையும் வேண்டும். செய்கிற வேலைதான் அளவுகோல். சட்டைப் பையில் உள்ள அட்டை அல்ல.

நான்கு: இது நம் சங்கங்கள் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டியது. பவுண்டரியில் எந்த நிலையில் சாமான் வெளியே போகிறது, வெளியிலிருந்து எந்த நிலையில் உள்ளே வருகிறது என்று ஒவ்வொரு கிளையும் கணக்கு வைக்க வேண்டும். முன்பு இங்கே கடைந்த பாகம் இப்போது கடைந்தே வந்து இறங்குகிறதா? டர்னர் வீட்டுக்கு அனுப்பப்படும் முன்பே அது நம் கண்ணில் பட வேண்டும். நோட்டீஸ் ஒட்டிய பிறகு கோஷம் போட்டுப் பயன் இல்லை.

அன்றைக்குக் கூட்டம் கலையும்போது அந்த மோல்டர் தன் அட்டையை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அப்படீன்னா தோழர், நானும் வெட்டாத சாவிதானுங்க?”

“ஆமாம் தோழர்,” என்றேன். “வெட்டாத சாவியும் சாவிதான். அதைச் சட்டமே சொல்கிறது. உங்களுக்கும் அதைச் சொல்ல வைக்க வேண்டியது நம் சங்கத்தின் வேலை.”

அடுத்த வாரம் சங்கத்தில் சேரும் விண்ணப்பத்தாளோடு வந்தார். தனியாக வரவில்லை. அதே ‘பயிற்சி’ அட்டை வைத்திருக்கும் பதினோரு பேரை அழைத்து வந்திருந்தார்.